412 பேரில் 62ஆவதாக வெளியே: நாலு கைகள், பிழை எங்கே?

ஆர்ட்டின்_ஏழு:

வணக்கம். ஒன்டாரியோ உரிமம் உள்ள போக்கர் தளம். 11 டாலர் (10+1) ஃப்ரீஸ்அவுட் (தோற்றால் திரும்ப நுழைய முடியாத போட்டி), 412 பேர், மேசைக்கு 8 பேர். தொடக்கம் 10,000 சிப், லெவல் 10 நிமிடம், ஆன்டி (ஒவ்வொரு கைக்கும் எல்லாரும் போடுற கட்டாயச் சிப்) ஆளுக்குப் பிக் பிளைண்டில் (இருவர் போடுற கட்டாயச் சிப்பில் பெரியது) எட்டில் ஒன்று. பணம் 60 இடங்களுக்கு, கடைசி இடத்துக்கு 18 டாலர். முடிவு 62ஆம் இடம். ஹேண்ட் ஹிஸ்டரியில் இருந்து நாலு கைகளைப் போடுறன். எது பிழை, எது வெறும் துரதிர்ஷ்டம் என்று பிரிச்சுச் சொல்லுங்கோ.

கை 1. பிளைண்ட் 200/400. என்னிடம் 20,600. முதல் ஆள் (14,000) 880க்கு ரெய்ஸ். பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசுற இடம்) எனக்கு ஏஸ்-ஜாக், வேறு வேறு இனம். கால். பிக் பிளைண்டும் கால். ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு): ஜாக் ஆர்ட்டின் (ஹார்ட்ஸ்), 8 ஆர்ட்டின், 4 கிளாவர் (கிளப்ஸ்). முதல் ஆள் 1,100 போட்டார், நான் 3,300க்கு ஏற்றினேன், அவர் 13,070 ஆல் இன். கால் செய்தேன். அவரிடம் இரண்டு குயின்.

கை 2. 500/1000. என்னிடம் 18,000. கட்ஆஃபில் (பட்டனுக்கு முந்தின இடம்) கிங்-10, வேறு இனம். 3,000க்கு ரெய்ஸ். ஸ்மால் பிளைண்ட் மொத்தம் 16,000 ஷவ் (ஆல் இன்). மடக்கினேன்.

கை 3. 600/1200. என்னிடம் 30,000. பட்டன் 2,400 ரெய்ஸ், ஸ்மால் பிளைண்ட் மடக்கியாச்சு. பிக் பிளைண்டில் 9-6, ஒரே இனம் கிளாவர். மடக்கினேன்.

கை 4. 1500/3000. 62 பேர் மிச்சம். என்னிடம் 33,000, பிக் பிளைண்டில் ஏஸ்-9, வேறு இனம். பட்டன் (90,000) ஷவ். கால். அவரிடம் கிங்-குயின். ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு) குயின்.

கடைசிக் கைதான் மனசை அரிக்குது.


பட்டன்_பரமு:

மனசை அரிக்கிற கையை விட்டுவிட்டு மற்ற மூன்றைப் பாருங்கள். கை 4இல் நீங்கள் முன்னால் இருந்தீர்கள், ரிவர் கவிழ்த்தது, அவ்வளவுதான். சிப் கணக்கு சுத்தம். ஆன்டி 375 போனபின் உங்களிடம் 32,625. பிக் பிளைண்ட் 3,000 ஏற்கெனவே உள்ளே, ஆக கால் 29,625. பானையில் இருப்பது அவருடைய 32,625, ஸ்மால் பிளைண்ட் 1,500, உங்கள் 3,000, ஆன்டி 3,000, மொத்தம் 40,125. 29,625ஐ, காலையும் சேர்த்த 69,750ஆல் வகுத்தால் 42.5 சதவீதம்; இவ்வளவு வெற்றி வாய்ப்பு இருந்தால் கால் நட்டமில்லை. பட்டனில் இருந்து அகலமாக ஷவ் பண்ணுகிறவனுக்கு எதிரே ஏஸ்-9க்குப் பாதிக்குச் சற்று மேலேயே கிடைக்கும். கால்தான்.

கை 1 அப்படியில்லை. எல்லாரும் கடைசிக் காலைத்தான் பிழை என்பார்கள். அது 9,770 போட்டு 29,380 பானைக்கு ஆடுவது, 33 சதவீதம் தேவை. ஆர்ட்டின் டிரா (ஐந்து ஆர்ட்டினுக்கு ஒன்று குறைவான கை) வைத்து ஷவ் பண்ணியிருந்தால் நீங்கள் சற்று முன்னால். குயின், கிங் ஜோடி என்றால் 20 சதவீதத்தை ஒட்டி, ஏஸ் ஜோடி என்றால் 10ஐ ஒட்டி. 8-8, 4-4 என்றால் கதை முடிந்தது. எல்லாம் கலந்து பார்த்தால் விளிம்பில் நிற்கிற கால்.

பிழை அதற்கு முந்தைய கிளிக்கில் இருக்கிறது, அந்த 3,300இல். முதல் இடத்தில் இருந்து ரெய்ஸ் பண்ணினவன், இரண்டு பேருக்கு எதிராக ஃப்ளாப்பிலும் போடுகிறான். அவன் மேல் ஏற்றினால் எது மடங்கும்? ஏஸ்-குயின், 9-9, 10-10. எது நிற்கும்? உங்களை வென்றுகொண்டிருப்பதும் நல்ல டிராவும். நீங்கள் ஜெயிக்கிற கைகளை நீங்களே கதவைத் திறந்து அனுப்பிவிட்டீர்கள். 1,100 கால் பண்ணினால், பிக் பிளைண்ட் மடக்கினால், டர்னில் (நாலாவது பொதுச் சீட்டு) பானை 5,440. அவனிடம் பாக்கி 11,970. டர்னில் ஆர்ட்டின் விழுந்தால் மெதுவாகலாம், அவன் சும்மா விட்டால் நீங்கள் போடலாம். டாப் பேர் (பொதுச் சீட்டில் பெரியதோடு சேர்ந்த ஜோடி) நடுத்தரப் பானைக்கான கை. 35 பிபியை (35 பிக் பிளைண்ட்) மொத்தமாக அதன் தலையில் கட்டக்கூடாது.

ப்ரீஃப்ளாப் காலும் ஆகா ஓகோ இல்லை. முதல் இடத்து ரெய்ஸுக்கு எதிரே வேறு இன ஏஸ்-ஜாக்கைப் பட்டனிலேயே மடக்கினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கை 2இல் மடக்கினது சரி, அளவுதான் தப்பு. பானையில் ரெய்ஸுக்கு முன்னால் 2.5 பிபி கிடக்கிறது (பிளைண்ட் 1.5, ஆன்டி 1). 3 பிபி போட்டு அதைத் திருட வேண்டுமானால் 100க்கு 55 தடவை எல்லாரும் மடக்க வேண்டும். 2 பிபி போட்டால் 44 போதும். 18 பிபி வைத்திருக்கிறவன் 3 பிபி போட்டு மடக்கினால் ஸ்டாக்கில் ஆறில் ஒன்று போச்சு. ஷவ் வந்தபின் 13,000 கொடுத்து 34,000 பானை, 38 சதவீதம் தேவை. கிங்-10க்கு அந்த ஷவ்வுக்கு எதிரே அது தேறாது. ஆக இதே கை, இதே இடம், 2,000 அல்லது 2,100. வேறெதையும் மாற்ற வேண்டாம்.

கை 3 நாலிலும் மோசம். சிப் போகாததால் கண்ணில் படவில்லை. பானை: 2,400 + 600 + 1,200 + ஆன்டி 1,200, மொத்தம் 5,400. உங்கள் கால் 1,200. 18 சதவீதம் இருந்தால் போதும். பட்டன் அகலமாகத் திறக்கும்போது ஒரே இன 9-6க்கு 40ஐ ஒட்டி இருக்கும். முதலில் பேச வேண்டிய இடம் என்பதால் அதில் பாதியைத்தான் காசாக்க முடியும் என்று வைத்துக்கொண்டாலும் 20. ஆன்டி இருக்கிற போட்டியில் சின்ன ரெய்ஸுக்குப் பிக் பிளைண்டைச் சும்மா விட்டுக்கொடுப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி.


சிப்புக்கணக்கு:

பரமு சொன்ன முதல் மூன்றிலும் கை வைக்க ஒன்றுமில்லை. கை 4இல் மட்டும் மறுக்கிறேன். 42.5 என்பது சிப்பின் விலை. 62 பேர் இருந்து 60 பேருக்குப் பணம் என்றால் சிப்பும் டாலரும் ஒரே நாணயம் இல்லை.

சின்ன உதாரணத்தில் கணக்குப் போட்டால் பளிச்சென்று தெரியும். நாலு பேர் மிச்சம், மூன்று பேருக்குப் பணம்: 50, 30, 20. நாலு பேரிடமும் 5,000. ஒவ்வொருவர் பங்கும் 25. பக்கத்து ஆள் ஷவ், நீங்கள் கால் பண்ணி ஜெயித்தால் 10,000, 5,000, 5,000. ஐசிஎம் முறையில் (சிப்பைப் பரிசுப் பணமாக மாற்றிப் பார்க்கும் கணக்கு) முதலிடம் வரும் வாய்ப்பு சிப் விகிதத்தில், அதாவது பாதி. இரண்டாமிடம் மூன்றில் ஒன்று, மூன்றாமிடம் ஆறில் ஒன்று. 25 + 10 + 3.33, மொத்தம் 38.33. சிப் இரண்டு மடங்கானது, பணம் 25இல் இருந்து 38.33 வரைதான் வந்தது. தோற்றால் பூஜ்யம். பிளைண்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 25ஐ 38.33ஆல் வகுக்க வேண்டும்: 65 சதவீதம். அவன் கண்ணை மூடிக்கொண்டு எந்த இரண்டு சீட்டையும் ஷவ் பண்ணுகிறான் என்றால்கூட வேறு இன ஏஸ்-குயினுக்கு 64தான் இருக்கிறது. மடக்க வேண்டும்!

62 பேர் இருக்கும் போட்டியில் இந்த அழுத்தம் இவ்வளவு கடுமையாக இராது. இழக்கும் சிப்புக்கு ஜெயிக்கும் சிப்பைவிட ஒன்றரை மடங்கு மதிப்பு என்று வைத்துப் பாருங்கள். 29,625ஐ 1.5ஆல் பெருக்கினால் 44,437. அதை 44,437 + 40,125ஆல் வகுத்தால் 52.5 சதவீதம். 42.5இல் இருந்து பத்துப் படி மேலே. பட்டன் நாற்பது சதவீதக் கைகளைத் தள்ளுகிறவன் என்றால் ஏஸ்-9 இழுபறி. பதினைந்து சதவீதம்தான் என்றால் ஏஸ்-9க்கு 40ஐ ஒட்டித்தான் வரும், மடக்கிவிட்டு அடுத்த கைக்குப் போகலாம்.

இது அவன் யார் என்பதையும், மற்ற மேசைகளில் யார் சாகக் கிடக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. ஆர்ட்டின், லாபியில் (எல்லாருடைய ஸ்டாக்கும் தெரியும் பக்கம்) உங்களுக்குக் கீழே எத்தனை பேர் இருந்தார்கள் என்று பார்த்தீர்களா?


ஆர்ட்டின்_ஏழு:

அந்த நேரம் பார்க்கேல்லை. இப்ப ஹிஸ்டரியோடு ஒத்துப் பார்த்தேன். 3 பிபிக்குக் கீழே ஐந்து பேர். அதில் ஒருத்தர் என் மேசையிலேயே, எனக்கு இடப்பக்கம், 4,100 சிப். பட்டன்காரர் அதுக்கு முந்தின பத்துக் கைகளில் மூன்று தடவை ஷவ் பண்ணியிருக்கிறார்.


சிப்புக்கணக்கு:

பத்தில் மூன்று என்பது கொஞ்சம் சாம்பிள்தான், என்றாலும் அகலமாகத்தான் தள்ளுகிறார். அந்தப் பக்கம் கால் இழுபறியாகிறது. ஆனால் 3 பிபிக்குக் கீழே ஐந்து பேர் என்றால் ஒரு சுற்று, எட்டே கை, அதற்குள் பலரைப் பிளைண்ட் தின்றுவிடும். உங்கள் இடப்பக்கத்து 4,100 ஆள் அடுத்த கையிலேயே பிக் பிளைண்ட். 375 ஆன்டியும் 3,000 பிளைண்டும் போட்டால் மிச்சம் 725. எந்தச் சீட்டு வந்தாலும் ஏறக்குறைய உள்ளே போயாக வேண்டும். நீங்கள் மடக்கினால் 29,625, அதாவது கிட்டத்தட்ட 10 பிபி. அடுத்த சுற்றில் முதல் ஆளாக ஷவ் பண்ணி மற்றவர்களை மடக்க வைக்கப் போதுமான அளவு. கால் பண்ணுகிறவனுக்குக் கை ஜெயித்தாக வேண்டும். ஷவ் பண்ணுகிறவனுக்கு இரண்டு வழி: எதிராளி மடக்கலாம், இல்லாவிட்டால் கை ஜெயிக்கலாம். 10 பிபியில் இந்த வித்தியாசம்தான் எல்லாமே. ஸ்மால் பிளைண்டில் இருந்து, எதிரே பிக் பிளைண்ட் மட்டும் என்றால், சிப் கணக்குப்படி எந்த ஏஸ், எந்த ஜோடி, எந்த கிங்கும் ஷவ். அதே கிங்-2ஐ வைத்து யாராவது கால் பண்ணுவார்களா?

என் தீர்ப்பு: சின்னப் பிழை. லாபியைப் பார்க்காமல் விட்டது பெரிய பிழை. பபிள் (பணம் கிடைக்கும் இடங்களுக்குச் சற்று முந்தைய கட்டம்) நெருங்கும்போது எல்லா மேசைகளும் கைக்குக் கை காத்திருந்து ஆடும் நிலை வரும். அந்த இடைவெளியில் லாபியைத் திறந்து கீழே இருந்து பத்து ஸ்டாக்கைப் படிக்க நேரம் தாராளமாக இருக்கும்.

சாட்டிலைட் போட்டியாக (பெரிய போட்டிக்கான டிக்கெட்டே பரிசு) இருந்தால் இன்னும் கொடுமை. பத்து டிக்கெட்டுக்குப் பதினொரு பேர் மிச்சம், உங்களிடம் நிறைய சிப் என்றால் இரண்டு ஏஸையும் மடக்க வேண்டிய கட்டம் வரும். முதலாவது ஆளுக்கும் பத்தாவது ஆளுக்கும் ஒரே டிக்கெட்தான்.


பட்டன்_பரமு:

ஐந்து பேர் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் இப்படி உறுதியாக எழுதியிருக்க மாட்டேன். ஒத்துக்கொள்கிறேன், இழுபறி.

ஆனால் இன்னொன்று கவனித்தேன். கை 3இல் 30,000. கை 4இல் 33,000. ஸ்டாக் ஏறியிருக்கிறதே என்று தோன்றும். 600/1200இல் 30,000 என்றால் 25 பிபி. 1500/3000இல் 33,000 என்றால் 11 பிபி. நடுவில் 800/1600, 1000/2000, 1250/2500 என்று பார்த்தால் ஏறக்குறைய நாற்பது நிமிடம், நாற்பது கை, ஐந்து சுற்று. சுற்றுக்கு 2.5 பிபி செலவு. அந்த நாற்பது கையில் என்ன செய்தீர்கள்? ஆட்டம் அங்கேதான் கோட்டை விட்டிருக்கிறது என்று என் சந்தேகம். 15 முதல் 20 பிபி வரை இருக்கும்போது செய்ய வேண்டிய முக்கியமான வேலை ரீஷவ் (வேறொருவர் ரெய்ஸ் பண்ணினபின் அவர் மேல் ஷவ்). பட்டன் 2 பிபிக்குத் திறக்கிறான், நீங்கள் பிளைண்டில் இருக்கிறீர்கள், பானையில் 4.5 பிபி. 15 பிபி ஸ்டாக்குக்கு அது முப்பது சதவீதம், ஃப்ளாப்பே பார்க்காமல். ஒரே இன ஏஸ்-5, கிங்-ஜாக், 6-6 எல்லாம் அதற்குப் பொருத்தமான கைகள். 11 பிபிக்கு இறங்கினபிறகு அதே ஷவ்வை எதிராளி விலை மலிவு என்று கால் பண்ணிவிடுவான்.


ஆர்ட்டின்_ஏழு:

எண்ணிப் பார்த்தேன். 41 கை. ரெய்ஸ் ஐந்து, ரீஷவ் பூஜ்யம். பட்டன் திறந்து நான் பிளைண்டில் இருந்தது ஆறு தடவை, ஆறும் மடக்கு. அதில் ஒரு தடவை ஒரே இன ஏஸ்-4, 17 பிபி.


பழைய_கட்டு:

அந்த ஏஸ்-4தான் 62ஆம் இடம்.

கைகளை இரண்டு பேரும் அலசிவிட்டார்கள். எப்படி அலசுவது என்பதைப் பற்றி நான் கொஞ்சம். ஆட்டம் ஓடும்போது தயங்கின கையைக் குறித்து மட்டும் வையுங்கள், பல மென்பொருள்களில் அதற்குப் பொத்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் கை எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைத் தாளில் எழுதினால் போதும். அன்று ராத்திரியே திறக்காதீர்கள். அடுத்த நாள், எதிராளியின் சீட்டையும் முடிவையும் கையால் மறைத்துவிட்டு, ஒவ்வொரு முடிவெடுக்கும் இடத்திலும் நின்று மூன்று எண்ணை எழுதுங்கள்: பானை, கால், யாரிடம் எத்தனை பிபி. பிறகு எதிராளி இந்த வரிசையில் இந்தச் செயலை எந்தெந்தக் கையோடு செய்வான் என்று எழுதி, அதை ஈக்விலேப் போன்ற இலவசக் கருவியில் போட்டுப் பாருங்கள். பபிள், ஃபைனல் டேபிள் கைகளுக்கு ஐசிஎம்ஐசர் அல்லது ஹோல்டெம் ரிசோர்சஸ் கால்குலேட்டர். எல்லாம் ஆட்டம் முடிந்தபிறகு மட்டும். ஓடும்போது சால்வர் (சரியான ஆட்டத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள்) திறந்தால் கணக்கை முடக்கிவிடுவார்கள்.

தோற்ற கைகளை மட்டும் எடுப்பது பெரும்பாலோர் செய்கிற பிழை. கை 3 மாதிரி மடக்கினதும், பிழையாக ஆடி ஜெயித்ததும் அந்த வலையில் சிக்காது. போக்கர் டிராக்கர் 4 இருந்தால் வடிகட்டி போட்டு எடுங்கள்: பிக் பிளைண்டில் ஒரே ஒரு ரெய்ஸுக்கு மடக்கினவை, 20 பிபிக்குக் கீழே ரெய்ஸ் பண்ணிப் பிறகு மடக்கினவை, பட்டனில் எல்லாரும் மடக்கிவந்தும் ஆடாதவை. ஒரே பிழை பத்துக் கையில் வரிசையாக நிற்பதைப் பார்த்தால்தான் உறைக்கும்.

துரதிர்ஷ்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 80 சதவீதம் முன்னால் இருந்து மூன்று தடவை ஆல் இன் போனால் மூன்றிலும் தப்புவது 51 சதவீதம். நூறில் பதினைந்து போட்டியில் பணம் வாங்குகிற ஆளுக்குத் தொடர்ந்து பதினைந்து போட்டி வெறுங்கையாகப் போவதற்கு 9 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதனால் 11 டாலர் போட்டிக்குக் குறைந்தது 100 கட்டணம், 1,100 டாலர், தனியாக இருக்க வேண்டும். ஆயிரம் பேர் ஆடுகிற போட்டி என்றால் இருநூறு. அந்தப் பணம் வாடகைப் பணமாக இருக்கவே கூடாது. பபிளில் போன கையோடு விட்டதைப் பிடிக்கிறேன் என்று 33 டாலர் போட்டியைத் திறப்பதுதான் இந்த விளையாட்டிலேயே விலை உயர்ந்த கிளிக். வெளியே வந்ததும் அடுத்த பதிவுக்கு முன்னால் பத்து நிமிடம் எழுந்து நடங்கள்.


மட்டுறுத்துநர்:

இழையை இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பேதத்தை அது பார்ப்பதில்லை. ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற தளங்களில் 19 வயது நிறைந்தவர்கள் ஆடலாம். தளங்களின் இணைப்பைக் கேட்டு இங்கே எழுத வேண்டாம். கணக்குகளைப் பழக இலவச சிப் போட்டி போதும், ஆனால் அங்கே யாரும் மடக்க மாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.


ஆர்ட்டின்_ஏழு:

பழைய_கட்டு சொன்ன இரண்டாவது வடிகட்டியைப் போட்டேன். கடைசி 30 போட்டிகள். 20 பிபிக்குக் கீழே முதல் ஆளாக ரெய்ஸ் 64 தடவை. ஷவ் வந்து மடக்கினது 19. பத்தொன்பதும் 3 பிபி. காரணமும் தெரிஞ்சுது: ரெய்ஸ் பெட்டிக்கு மேலே இருக்கிற குறுக்குவழிப் பொத்தான் 3 மடங்கு என்று வைச்சிருக்கு. நான் அதையே அமத்திக்கொண்டு இருந்திருக்கிறேன்.


பட்டன்_பரமு:

செட்டிங்கில் அதை 2.1 ஆக மாற்றுங்கள். ஒரு தடவைக்கு 0.9 பிபி, பத்தொன்பதுக்கு 17 பிபி. ரெய்ஸ் பண்ணாமல் நேரே ஷவ்வுக்குப் போகும் எல்லையை 12 பிபி என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த போட்டியின் ஹிஸ்டரியில் பிக் பிளைண்ட் கைகளை மட்டும் இங்கே போடுங்கள், முடிவை எழுதாமல்.